ஆழாக்கு, கப், விசில்: சமையல் புத்தகச் சந்தேகங்கள்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: "புத்தகத்தில் போட்டிருந்தபடியேதான் செய்தேன், ஆனால்..." அந்த "ஆனால்" எங்கே முளைக்கிறது என்று பார்ப்போம்.

பாட்டி வைத்துவிட்டுப் போன சமையல் புத்தகத்தில் துவரம்பருப்பு ஓர் ஆழாக்கு, புளி ஒரு பலம், நல்லெண்ணெய் வீசம் படி, வெல்லம் அரை வீசை என்றெல்லாம் இருக்கிறது. இன்றைய கணக்கில் எவ்வளவு?
- வாசகி, கும்பகோணம்

முதலில் முகத்தல் அளவையும் நிறுத்தல் அளவையும் தனித்தனியே பிரித்துக்கொள்ளுங்கள். ஆழாக்கு, உழக்கு, உரி, படி எல்லாம் முகந்து அளப்பவை. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஆக, ஒரு படிக்கு 8 ஆழாக்கு. ஓர் ஆழாக்கை ஏறத்தாழ 200 மி.லி. என்று வைத்துக்கொண்டால் சமையலுக்குப் போதும். அதில் துவரம்பருப்போ அரிசியோ தலை தட்டி அளந்தால் 170 கிராம் அளவுக்கு நிற்கும்.

பலம், சேர், வீசை எல்லாம் எடை. ஒரு பலம் பழைய வெள்ளி ரூபாய் நாணயம் மூன்றின் எடை, அதாவது 35 கிராம். 8 பலம் ஒரு சேர், 280 கிராம். 5 சேர் ஒரு வீசை, 1.4 கிலோ. அப்படியானால் உங்கள் புளி 35 கிராம், வெல்லம் 700 கிராம்.

இங்கே பலரையும் கவிழ்ப்பது வீசம். வீசம் வேறு, வீசை வேறு. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. வீசம் படி என்றால் அரை ஆழாக்கு, 100 மி.லி. "அரைக்கால்" என்பதை அரை என்று படித்துவிடுவதும் உண்டு. அது எட்டில் ஒரு பங்கு. அரைக்கால் படி சரியாக ஓர் ஆழாக்கு.

இரண்டு எச்சரிக்கைகள். சேர் என்ற பெயர் வடக்கேயும் உண்டு. அங்கே அது 80 தோலா (ஒரு தோலா ஒரு ரூபாய் எடை), ஏறக்குறைய 933 கிராம். வடநாட்டுப் பலகாரம் பற்றிய பழைய குறிப்பில் "சேர்" என்று வந்தால் 280 கிராம் போட்டு ஏமாறாதீர்கள். இரண்டாவது, படி ஊருக்கு ஊர் மாறியது. பெரிய படி, சின்னப் படி என்று ஒரே ஊரில் இரண்டு புழங்கியதும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் மெட்ரிக் அளவு கட்டாயமாகும் வரை இந்தக் குழப்பம் இருந்தது. எல்லாப் பொருளையும் ஒரே அளவையால் அளந்திருந்தால் படி எதுவாக இருந்தாலும் கவலை இல்லை, விகிதம் மாறாது. முகத்தலும் நிறுத்தலும் கலந்து வரும் இடத்தில்தான் வினை. "அரிசி 1 படி, வெல்லம் 1 வீசை" என்று அதிரசக் குறிப்பு இருந்தால் இப்படிச் சோதியுங்கள்: அதிரசத்துக்கு ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை வெல்லம் தாங்கும். பெரிய படி (மேலே சொன்ன 8 ஆழாக்கு) என்றால் அரிசி 1.36 கிலோ, வெல்லம் 1.4 கிலோ, கணக்கு ஏறக்குறைய சரி. அதில் பாதி அளவுள்ள சின்னப் படி என்று எடுத்தால் அரிசியைப் போல் இரண்டு மடங்கு வெல்லம் ஆகிவிடும். அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரைந்துவிடும். புத்தகம் எந்தப் படியைச் சொல்கிறது என்பதை அந்தப் புத்தகமே இப்படிக் காட்டிக்கொடுக்கும்.

1951-ல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" ஆழாக்குக் கணக்கில் எழுதப்பட்ட புத்தகம். அதை வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்னது பொருந்தும். வீட்டில் பழைய ஆழாக்கு இருந்தால் இன்னும் நல்லது. அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, தண்ணீரை மட்டும் நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராமோ அத்தனை மி.லி.

"தணலில் வைக்கவும்" என்று இருந்தால், கேஸ் அடுப்பின் மிகச் சிறிய தீயில் பழைய தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் பாத்திரத்தை வையுங்கள். அடி பிடிக்காத அந்தச் சூடுதான் தணல்.

அமெரிக்கப் புத்தகம் ஒன்று, ஆஸ்திரேலியப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டிலும் கப், ஸ்பூன் கணக்கு. ஆனால் கேக் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.
- வாசகர், கோயம்புத்தூர்

அமெரிக்கக் கப் சுமார் 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி. இந்த வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மி.லி., மற்ற இடங்களில் 15. பேக்கிங் பவுடர் ஒரு டேபிள்ஸ்பூன் என்று வரும்போது இது கேக்கை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி.; அதை அளவுக் கப்பாக எடுத்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய.

பெரிய திருடன் மைதா. பையில் கப்பை விட்டு அள்ளி அமுக்கினால் 150 கிராம் வரை ஏறும். ஸ்பூனால் தளர்வாக நிரப்பித் தலை தட்டினால் 120 கிராம். மூன்று கப் கேட்கும் கேக்கில் 90 கிராம் கூடினால் அது வறட்டு ரொட்டி ஆகாமல் என்ன செய்யும்? ஆகவே மைதா கப் 120 முதல் 125 கிராம், சர்க்கரை கப் 200 கிராம், வெண்ணெய் "ஒரு ஸ்டிக்" 113 கிராம் என்று புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு இனி தராசில் வையுங்கள். 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். விசிறி ஓடும் ஓவனில் அதிலிருந்து 20 குறையுங்கள்.

உப்பிலும் ஒரு பொறி உண்டு. நம் தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். சில அமெரிக்கப் புத்தகங்கள் சொல்லும் கோஷர் உப்பு பொரபொரவென்று இருப்பதால், அதன் ஒரு வகை டீஸ்பூனுக்கு 3 கிராம்தான் பிடிக்கும். அந்தக் குறிப்பில் தூள் உப்பைப் போட்டால் உப்பு இரட்டிக்கும்.

4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து. புத்தகக் கணக்குதான். மாவு பொங்குகிறது, இட்லி மட்டும் தட்டையாக வருகிறது. டிசம்பர் வந்தால் மாவு பொங்குவதே இல்லை.
- வாசகி, பெங்களூரு

இவை வேறு வேறு கோளாறுகள். பொங்காததற்குக் குளிர் காரணம். பொங்கியும் தட்டையாவதற்கு உளுந்தோ உங்கள் கரண்டியோ காரணம்.

மாவைப் பொங்க வைப்பவை உளுந்தோடு வரும் நுண்ணுயிர்கள், முக்கியமாக லூக்கோநாஸ்டாக் வகை பாக்டீரியா. அவை உண்டாக்கும் வாயுவைப் பிடித்து வைத்திருப்பது உளுந்தின் கொழகொழப்பு. அது இல்லாவிட்டால் வாயு உண்டாகும், தங்காது. வருடக்கணக்கில் கடையில் கிடந்த உளுந்தில் கொழகொழப்பு குறைந்திருக்கும். தோல் நீக்கிய முழு உளுந்தை, புதிதாக வந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஊற வைப்பது: அரிசி 4 முதல் 5 மணி நேரம். உளுந்து ஒன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் இரண்டு. 4 கப் அரிசிக்கு ஒரு டீஸ்பூன் வெந்தயம், உளுந்தோடு சேர்த்து. அரைக்கும்போது தண்ணீரை ஒரே அடியாக ஊற்றக் கூடாது. குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஒரு கப் உளுந்துக்கு ஒன்றரை முதல் 2 கப் வரை போகலாம். கிரைண்டரில் 25 முதல் 30 நிமிடம். பதம் பார்க்க, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவைப் போடுங்கள். மிதந்தால் எடுக்கலாம். மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை. மிக்ஸி என்றால் ஐஸ் தண்ணீர், விட்டு விட்டு ஓட்டுவது, இரண்டு தவணையாக அரைப்பது என்று மூன்றையும் கடைப்பிடியுங்கள். ஜார் கைக்குச் சூடாகத் தெரிந்தால் மாவும் சூடாகிவிட்டது என்று அர்த்தம், அந்த மாவு சரியாக எழும்பாது. அரிசியை மெல்லிய ரவை பதத்தில் நிறுத்த வேண்டும். நைசாக அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும்.

ஒரு கிலோ அரிசி, உளுந்து சேர்ந்த மாவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு. கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி வையுங்கள். 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 12 மணி நேரம் போதும். உங்கள் ஊர் டிசம்பர் இரவுக்கு அது 16 மணி நேரம் வரை இழுக்கும். ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை வைக்கலாம். இல்லையென்றால் பெரிய குக்கரில் கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடி, மேலே கம்பளியைப் போர்த்துங்கள். சோடா உப்பு போட்டுப் பொங்க வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நிறமும் மணமும் கெடும், புளிப்பும் சேராது.

இனி தட்டை விஷயம். பொங்கிய மாவைத் தோசை மாவு போல அடித்துக் கலக்குகிறீர்கள் என்று சந்தேகம். கலக்கவே வேண்டாம். ஓரத்திலிருந்து கரண்டியால் அள்ளி ஊற்றுங்கள். குக்கரில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டை வையுங்கள். ஆறின தண்ணீரில் வைத்தால் மாவு மெல்லச் சூடேறி, வேகும் முன்பே வாயு ஓடிவிடும். வெயிட் போடாமல் 10 முதல் 12 நிமிடம், இறக்கி 2 நிமிடம் பொறுத்து, ஈர ஸ்பூனால் எடுங்கள். இத்தனையும் செய்து மீண்டும் தட்டையானால் மாவில் தண்ணீர் கூட. மறுநாள் தோசைக்கு ஆகும்.

எல்லாப் புத்தகமும் துவரம்பருப்புக்கு 4 விசில் என்கிறது. எங்கள் வீட்டில் 8 விசில் விட்டாலும் பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது.
- வாசகர், கொடைக்கானல்

விசிலை வைத்து நேரம் சொல்வதே தவறான வழக்கம். தீயைக் கூட்டினால் ஒரு நிமிடத்தில் மூன்று விசில் வரும், சிம்மில் வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுகூட வராது. 3 லிட்டர் குக்கரின் 4 விசிலும் 7 லிட்டர் குக்கரின் 4 விசிலும் ஒன்றல்ல. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து கடிகாரம் பாருங்கள். அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்கு 7 முதல் 8 நிமிடம், இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலைக்கு 15 முதல் 20 நிமிடம். பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அந்தப் பத்து நிமிடத்திலும் பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கிறது.

இவை சமவெளிக் கணக்கு. நீங்கள் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் சமவெளியில் 121 டிகிரி என்றால் உங்களுக்கு 117 அளவுக்குத்தான் ஏறும், ஏனென்றால் வெயிட் தருகிற அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சேர்வது. 2,000 அடிக்கு மேலே ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நேரத்தில் 5 சதவீதம் கூட்டுவது பொது விதி. உங்களுக்குக் கால் பங்கு கூட்ட வேண்டும்: 8 நிமிடம் 10 ஆகும்.

அதற்கும் வேகவில்லை என்றால் தண்ணீரையும் பருப்பையும் சந்தேகியுங்கள். உப்புத்தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கும். பழைய பருப்பு எத்தனை விசில் விட்டாலும் அசையாது. புளி, தக்காளி எதுவும் பருப்பு குழையும் முன் உள்ளே போகக் கூடாது. பருப்பு நுரைக்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

"எலுமிச்சை அளவு புளி." எந்த எலுமிச்சை?
- வாசகர், மதுரை

நியாயமான கோபம். எலுமிச்சை அளவை 25 முதல் 30 கிராம், நெல்லிக்காய் அளவை 10 முதல் 12 கிராம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கொட்டை நீக்கிய பிறகு. புதுப்புளி வெளுப்பாக இருக்கும், பழம்புளி கறுத்துப் புளிப்பு தூக்கலாக இருக்கும். வத்தக்குழம்புக்குப் பழம்புளி, ரசத்துக்குப் புதுப்புளி. பழம்புளியில் உப்பு சேர்த்து வைத்திருப்பார்கள். குழம்புக்கு உப்பு போடும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மைசூர்பாகு ஒரு தடவை கல்லாகிறது, அடுத்த தடவை தூளாகிறது. மூன்று புத்தகம் பார்த்தும் ஒரே கதைதான்.
- வாசகி, திருநெல்வேலி

மூன்று புத்தகமும் அளவைச் சரியாகத்தான் சொல்லியிருக்கும். கடலை மாவு 1 கப், சர்க்கரை 2 கப், நெய் 2 கப், தண்ணீர் அரை கப் என்பது ஓட்டை ஓட்டையாக வரும் மைசூர்பாகுக்குப் பொதுவான கணக்கு. கவனியுங்கள், இது கப் கணக்கு. எடையில் பார்த்தால் மாவு 100 கிராம், சர்க்கரை 400. யாராவது தராசில் 1:2:2 என்று நிறுத்தால் வேறொரு பலகாரம் வரும்.

கோளாறு பாகிலும் நெய்யின் சூட்டிலும்தான். சர்க்கரை கரைந்து கொதித்ததும் ஒரு கம்பிப் பதம் பாருங்கள்: ஒரு துளியை ஆற விட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்தால் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒற்றை இழை அறுபடாமல் நிற்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 104 முதல் 106 டிகிரி. இந்த இரண்டு டிகிரிக்குள்தான் எல்லாம் இருக்கிறது. தாண்டி 112 வரை விட்டீர்கள் என்றால் அது உருட்டும் பதம். அந்தப் பாகில் மாவு விழுந்தால் ஆறியதும் கல். கம்பி வரும் முன்பே மாவைப் போட்டால் நாள் முழுக்க வைத்தாலும் இறுகாது, ஸ்பூனால் வழித்துத்தான் சாப்பிட வேண்டும். பாகு கம்பிக்கு வர சில நிமிடங்கள் ஆகும், ஆனால் கம்பியிலிருந்து உருட்டும் பதத்துக்குப் போக அதிக நேரம் ஆகாது. ஆகவே மாவைச் சலித்துப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னோர் அடுப்பில் நெய் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். இதைத்தான் பல புத்தகங்கள் ஒரே வார்த்தையில் "சூடான நெய்" என்று முடித்துவிடுகின்றன. ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் சட்டென்று பொரிகிற சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஊற்றும்போது மாவில் இருக்கும் ஈரம் ஒரே நொடியில் ஆவியாகிப் பொங்கும், அந்த ஆவி விட்டுப்போகும் தடம்தான் மைசூர்பாகின் துளைகள். இளஞ்சூட்டு நெய் ஊற்றினால் மாவு நெய்யைக் குடித்துக் களியாகும், துளை வராது. மாவைப் பாகில் தூவிக் கட்டியில்லாமல் கிளறிவிட்டு, நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். ஒவ்வொரு கரண்டியும் "சுர்" என்று பொங்கி அடங்கிய பிறகு அடுத்தது.

இறக்கும் நேரம்: கலவை நுரைத்து வெளுத்து, ஓரம் விட்டுச் சுருண்டு வந்து, குடித்த நெய்யைத் திருப்பிக் கக்கத் தொடங்கும். அந்தக் கணமே தட்டில் கொட்ட வேண்டும். அரை நிமிடம் தயங்கினாலும் வாணலியிலேயே சர்க்கரை பூத்துத் தூளாகிவிடும். உங்கள் "அடுத்த தடவை" இதுதான். தட்டில் கொட்டியதை அமுக்கிச் சமப்படுத்தாதீர்கள், துளைகள் மூடிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் கத்தியால் கோடு போட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே துண்டு போடுங்கள். நடுவில் செம்பழுப்பு நிறம் வேண்டுமென்றால், ஆழமான தட்டில் கனமாகக் கொட்டி அசைக்காமல் விடுங்கள். உள்ளே அடங்கிய சூடு நடுப்பகுதியை மேலும் வேக வைத்து அந்த நிறத்தைத் தரும்.

வாயில் கரையும் மெதுவான வகை வேண்டும் என்கிறவர்கள் மாவை முதலில் நெய்யில் குழைத்துவிட்டு, துளை விடும் முன்பே இறக்க வேண்டும். அது தனிப் பலகாரம். இரண்டையும் ஒரே குறிப்பில் எதிர்பார்க்கக் கூடாது.

4 பேருக்கான சாம்பார் குறிப்பை 25 பேருக்குப் பெருக்கினேன். காய் குழைந்து, சாம்பார் நீர்த்துப் போனது.
- வாசகர், யாழ்ப்பாணம்

தண்ணீரையும் நேரத்தையும் பெருக்கியிருப்பீர்கள். சின்னப் பாத்திரத்தில் கொதிக்கும்போது வற்றுகிற பங்கு அதிகம், பெரிய அண்டாவில் குறைவு. அதனால் தண்ணீரைக் கணக்கிட்டதில் கால் பங்கு குறைத்துத் தொடங்கி, கடைசியில் கொதிநீர் சேர்த்துச் சரிசெய்யுங்கள். அண்டா சூட்டை விடாது. அடுப்பை அணைத்த பிறகும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வெந்துகொண்டே இருக்கும். முக்கால் பதத்தில் அணைத்துவிடுங்கள்.

25 பேருக்கு 5 லிட்டர் சாம்பார் என்றால்: துவரம்பருப்பு 700 கிராம், புளி 100 முதல் 125 கிராம், சாம்பார்ப் பொடி 60 முதல் 75 கிராம், உப்பு 50 கிராம். உப்பு மட்டும் நேர் விகிதத்தில் பெருக்கலாம். ஆனாலும் 10 கிராமை எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் போடுங்கள். தாளிக்கிற எண்ணெய் கடாயின் அடியைப் பொறுத்தது, 3 டேபிள்ஸ்பூன் தாராளம். சோற்றுக்கு விகிதம் தேடி அலைய வேண்டாம், நிறையத் தண்ணீரில் கொதிக்க விட்டு வடித்துவிடுங்கள். இலைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 100 முதல் 125 கிராம் அரிசி.

ஆவக்காயில் உப்பைப் பாதியாகக் குறைத்தேன், மாமனாருக்கு ரத்த அழுத்தம். மூன்றாம் வாரம் மேலே வெள்ளைப் பூஞ்சை. எடுத்துவிட்டுச் சாப்பிடலாமா?
- வாசகி, நெல்லூர்

வேண்டாம், கொட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிடப் பூஞ்சை ஆழமாகப் போயிருக்கும். ஆவக்காயில் உப்பு ருசிக்கு மட்டும் போடுவதில்லை, கெடாமல் காப்பதே அதுதான். ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு 150 முதல் 200 கிராம் உப்பு இல்லாமல் அறை வெப்பத்தில் வைக்க முடியாது. துண்டுகளுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் எண்ணெய் நிற்கவும் வேண்டும். மாமனாருக்கு, அன்றன்று நறுக்கிய மாங்காயில் கொஞ்சம் உப்பும் காரமும் பிசறித் தாளித்து, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். அதற்கு ஆவக்காய் என்று பெயர் வைக்காமல் இருந்தால் சரி.

என் மாமியார் எதையும் அளப்பதில்லை. "அத்தை, எவ்வளவு போட்டீங்க?" என்றால் "கண்ணு அளவுதான்" என்கிறார். அவர் சமையலை ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆசை. எப்படித் தொடங்குவது?
- வாசகி, காரைக்குடி

முதலில் அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். எவ்வளவு என்று கேட்டதுமே கை தயங்கி, அன்றைய அளவு மாறிவிடும்.

5 கிலோ வரை நிறுக்கிற, ஒரு கிராம் காட்டுகிற டிஜிட்டல் தராசு ஒன்று போதும். பெருங்காயம், மஞ்சள் வகைக்கு 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் நல்லது. அவர் சமையலறைக்குள் வரும் முன்பே உப்பு ஜாடி, பொடி டப்பா, எண்ணெய்ச் சட்டி, புளிப் பானை எல்லாவற்றையும் மூடியோடு நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலிக் குழம்புச் சட்டியையும். பிறகு அவர் பாட்டுக்குச் சமைக்கட்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி நிறுத்தால், குறைந்தது எவ்வளவோ அதுதான் அவர் கண்ணளவு. குழம்போடு சட்டியை நிறுத்தால் எவ்வளவு வற்ற விட்டார் என்பதும் தெரிந்துவிடும். தண்ணீரை மட்டும் அளவு தெரிந்த சொம்பில் எடுத்து வையுங்கள்.

ஒரே குழம்பை மூன்று நாள் இப்படிப் பிடியுங்கள். உப்பு 14, 16, 15 கிராம் என்று வந்தால் அவர் கை ஒரு தராசு. புளி 22, 35, 28 என்று வந்தால் அவர் சறுக்கவில்லை. புளியின் புளிப்பைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறார். அங்கே சராசரி எழுதாதீர்கள். "22 முதல் 35, கரைத்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கவும்" என்று எழுதுங்கள்.

நோட்டில் எண்களைவிட இடம் பிடிக்க வேண்டியவை வேறு. எதைப் பார்த்து அடுத்த வேலைக்குப் போகிறார்? வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் தக்காளியா, ஓரம் சிவந்த பிறகா? "பச்சை வாசனை போக" என்பது எத்தனை நிமிடம்? "எண்ணெய் பிரிய" என்றால் ஓரத்தில் கசிவதா, மேலே மிதப்பதா? ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுங்கள், எல்லாம் ஒரே வெளிச்சத்தில். பாத்திரத்தையும் எழுதுங்கள். கல்சட்டியில் வைத்த குழம்பு இறக்கிய பிறகும் நெடுநேரம் கொதிக்கும். அதே நேரக் கணக்கை எவர்சில்வர் பாத்திரத்துக்கு எடுத்தால் குழம்பு நீர்த்தே நிற்கும். மிளகாயின் இனத்தையும் விடாதீர்கள், குண்டு மிளகாயா நீட்டு மிளகாயா என்பதில் காரமும் நிறமும் மாறும். "ஒரு பிடி" என்பதற்கு, அவரை ஐந்து முறை பிடித்துப் போடச் சொல்லி நிறுத்து ஐந்தால் வகுங்கள். இதற்குச் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள்.

கடைசியாக, அந்த நோட்டை வைத்து நீங்கள் தனியாகச் சமைத்து அத்தையிடம் கொடுங்கள். அவர் சொல்லும் குறையை அதே பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

புதிதாகச் சமைக்கத் தொடங்குகிற மகனுக்கு ஒரு புத்தகம் வாங்க வேண்டும். கடையில் நின்று எப்படித் தேர்ந்தெடுப்பது?
- வாசகர், சேலம்

படங்களைப் பார்க்காதீர்கள். ஏதாவது மூன்று குறிப்புகளைத் திறந்து, பொருள் பட்டியலில் இருப்பதெல்லாம் செய்முறையில் வருகிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். பட்டியலில் தேங்காய் இருந்து செய்முறையில் காணாமல் போனால், சமைத்துப் பார்க்காமல் எழுதியது. எத்தனை பேருக்கு, எவ்வளவு பெரிய பாத்திரம் என்று இருக்க வேண்டும். "ஒரு தேங்காய்" என்பதைவிட "துருவல் ஒரு கப்" நல்லது. "80 கிராம்" என்றால் இன்னும் நல்லது. "உப்பு தேவையான அளவு" என்பது குழம்புக்குச் சரி, ருசி பார்த்துப் போடலாம். ஊறுகாய்க்கும் முறுக்கு மாவுக்கும் அப்படி எழுதியிருந்தால் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

நேரம் மட்டும் சொல்லும் புத்தகத்தைவிட அடையாளம் சொல்லும் புத்தகம் மேல். "5 நிமிடம் வதக்கவும்" என்பது எழுதியவர் வீட்டு அடுப்புக்கு. "ஓரம் சிவக்கும் வரை, சுமார் 5 நிமிடம்" என்று எழுதியிருந்தால் உங்கள் மகன் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கும் அது பொருந்தும். புத்தகத்தோடு ஒரு தராசும் வாங்கிக் கொடுங்கள்.

கோதுமை ஒவ்வாமை உள்ள மகளுக்குப் பெருங்காயம் போடலாமா?
- வாசகி, திருச்சி

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். கோந்தும் மாவும் கலந்தது, பலவற்றில் அந்த மாவு கோதுமை அல்லது மைதா. கட்டியாக இருப்பதால் சுத்தம் என்று நினைக்காதீர்கள், கட்டியிலும் கலப்பு உண்டு. அரிசி மாவு சேர்த்ததாக அச்சிட்டு விற்பவையும் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் அவளுக்கான ரசத்தில் மட்டும் நான்கு பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள்.